மாதச் சம்பளம் வாங்காத பிள்ளைகள்

நம்மவர் வீடுகளில் வரன் பேசும்போது முதலில் கேட்பது "பையனுக்கு எங்கே வேலை?" என்பதுதான். ரயில்வே, பேங்க், பி.ஏ.ஆர்.சி. என்று பதில் வந்தால் முகம் மலரும். "போட்டோகிராபர், சொந்தமாகச் செய்கிறான்" என்றால், "அது சரி, வேலை என்ன?" என்று மறுபடியும் கேட்பார்கள். டிப்ளமோ முடித்த கையோடு ரயில்வேயில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை மாதச் சம்பளத்தில் வாழ்ந்தவன் நான். எனக்கே அந்த இரண்டாவது கேள்வி பிடிக்கவில்லை.

பணிமனையில் நாங்கள் பார்த்த கான்ட்ராக்டர்களுக்கு மாதச் சம்பளமா இருந்தது? வேலை முடிய முடிய, அளவுப் புத்தகத்தில் ஏற்றி, ரன்னிங் பில் போட்டுப் பணம் வாங்கினார்கள். அவர்களை யாரும் வேலையில்லாதவர் என்று சொன்னதில்லை. போட்டிபோட்டுக்கொண்டு பெண் கொடுத்தோம். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிற பிள்ளை செய்வதும் அதே மாதிரியான தொழில்தானே!

செம்பூரில் இருக்கும் என் தங்கை மகள் மூன்று ஆண்டுகளாக முழுநேரமும் ப்ரீலான்ஸ் புகைப்படக்காரி. மாதுங்காவில் கல்யாணம், சண்முகானந்தா அரங்கில் அரங்கேற்றம், தாராவித் தோல் வியாபாரிகளின் பை, பெல்ட்டுகளுக்கு விளம்பரப் படம் என்று எல்லாம் செய்கிறாள். முதல் வருஷம் அவள் பட்டபாடு வேறு. தொகையைச் சொல்லுவாள், எதிராளி வாய் திறப்பதற்குள் தானே இரண்டாயிரம் குறைத்துவிடுவாள். "கேட்கவே கூச்சமா இருக்கு மாமா" என்பாள். ஒரு கம்பெனி ஐந்து மாதம் இழுத்தடித்தது. வீட்டிலோ, "நாங்கள்தான் அப்போதே சொன்னோமே" என்று பாட்டு.

தன்னம்பிக்கை என்பதைப் பிறவிக் குணம் என்றும், நாலு பேர் பாராட்டினால் வருவது என்றும் நினைக்கிறோம். நான் பார்த்தவரையில் அவளுக்கு அது காகிதத்திலிருந்துதான் வந்தது. ஜாப் கார்டு இல்லாமல் நாங்கள் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றியதில்லை. அதைத்தான் அவளிடம் சொன்னேன். இப்போது எத்தனை மணி நேரம், எத்தனை படம், என்றைக்குக் கொடுப்பது என்று எழுதிக் கொடுத்துப் பாதித் தொகையை முன்பணமாக வாங்காமல் அவள் கேமராவை எடுப்பதில்லை. எழுதியது கையில் இருக்கும்போது குரல் தானாக நிமிர்கிறது.

சட்டமும் கொஞ்சம் தெரிய வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். உரிமை தன்னிடமே இருக்க வேண்டுமானால் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். 2012 திருத்தத்துக்குப் பின் புகைப்படத்துக்கும் எடுத்தவர் ஆயுளும் அதற்குமேல் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. பேரப்பிள்ளைகள் வரை வரக்கூடிய சொத்து. இன்னொன்று, உத்யம் பதிவு. இலவசம்தான். பதிவு செய்த சிறு தொழிலருக்கு, 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலை வாங்கிய கம்பெனி அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. பில்லின் அடியில் இந்த ஒரு வரியை அச்சடித்த பிறகு என் மருமகளுக்கு யாரும் ஐந்து மாதம் கடன் சொல்லவில்லை.

இந்த வழியில் முன்னே நடந்தவர்களும் இருக்கிறார்கள். மைசூர்க்காரர் டி.எஸ். சத்யன் 1948இல் டெக்கான் ஹெரால்டில் சேர்ந்தவர். பிறகு நம் பம்பாயில் இல்லஸ்ட்ரேட்டட் வீக்லியில் இருந்தார். அந்தச் சம்பளத்தையும் விட்டுத் தனியாகத் தொழில் செய்யப் புறப்பட்டார். அரசர்களையும் அமைச்சர்களையும்விடச் சாதாரண ஜனங்களையும் குழந்தைகளையும் விரும்பி எடுத்தார். 1977இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1979, சர்வதேசக் குழந்தைகள் ஆண்டில், அவருடைய குழந்தைப் படங்களை யூனிசெஃப் நியூயார்க் ஐ.நா. தலைமையகத்தில் காட்சிக்கு வைத்தது. நம் காலத்தில் மதுரை ஜவஹர்லால்புரத்து பழனி குமார் இருக்கிறார். தாயார் மீன் விற்று வளர்த்த பிள்ளை. துப்புரவுத் தொழிலாளர் நிலையைக் காட்டிய 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். கிராமத்து வாழ்வைப் பதிவு செய்யும் 'பாரி' என்ற அமைப்பு 2019இல் அவருக்கு உதவித்தொகை கொடுத்தது; 2022இல் தயானிதா சிங் பெயரிலான ஆவணப் புகைப்பட விருதின் முதல் பரிசும் அவருக்கே. இருவருமே, பிறர் கேட்டதை எடுத்ததோடு, தங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஜனங்களை விடாமல் எடுத்தவர்கள்.

கூலிக்கு எடுக்கும் கல்யாணப் படம் வயிற்றுக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் தனக்காக எடுப்பது மனசுக்கு. தாராவியை வெளியூர், வெளிநாட்டுக்காரர்கள் எத்தனையோ பேர் வந்து எடுத்துப் போய்விட்டார்கள். மறுகுடியமைப்பில் சந்துகள் மாறப்போகின்றன. 90 அடி ரோட்டில் பொங்கல் பானை வைக்கும் அத்தையின் முகம் அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளையின் கேமராவில் விழுந்தால் அதற்கு ஒரு தனி உரிமை உண்டு.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. மாதாமாதம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். வருஷக் கணக்கைக் கேளுங்கள். மழைக்காலத்தில் வேலை குறையும், முகூர்த்த மாதங்களில் குவியும். ஆறு மாதச் செலவுப் பணத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார்களா, கேமராவுக்கு இன்ஷூரன்ஸ் உண்டா, வருமான வரிக் கணக்குக் காட்டிப் பிடித்தம் செய்த டி.டி.எஸ்.ஸைத் திரும்ப வாங்குகிறார்களா என்று விசாரியுங்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் தொழிலைப் பற்றிப் பேசுகிறார்கள் என்ற தைரியம் வரும்.

கடைசியாக, நம் சங்கங்களைப் பற்றி. விழாவுக்கு மைக் செட்காரருக்கு முன்பணம் கொடுக்கிறோம், சமையல்காரருக்கும் கொடுக்கிறோம். போட்டோ எடுக்க மட்டும் "நம்ம பையன்தானே" என்று சொல்லி, ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்பிவிடுகிறோம். வருகிற பொங்கல் விழாவின் செலவுப் பட்டியலில் புகைப்படக்காரர் என்று ஒரு வரி சேர்த்து, தொகையையும் எழுதி, பாதியை முன்னதாகவே கொடுக்க வேண்டும் என்று செயற்குழுவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.