மாட்டைப் புதைக்கிறோமா, கிணற்றைப் புதைக்கிறோமா?

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. நெல்லியடியிலும் கரவெட்டியிலும் வெங்காயத்தையும் புகையிலையையும் விளைவிப்பது கிணறு. குழந்தையின் தாகந் தீர்ப்பதும் அதே கிணறு. அக்கிணற்றுக்கு நீர் சுரப்பது நம் காலடியிலுள்ள சுண்ணக்கல். வெடிப்பும் பொந்தும் நிறைந்த அக்கல், மேலே விழும் அழுக்கை வடிகட்டி நிறுத்துவதில்லை. விரைவிலே கீழே அனுப்பிவிடுகின்றது. இதனை அறிந்தும் நாம் செய்வதென்ன?

மாடு செத்தால் தோட்டத்து மூலையிலே குழி தோண்டிப் புதைக்கிறோம். இறைச்சிக்கடைக் குடலையும் எலும்பையும் ஆளரவமற்ற வெளியிலே வீசுவோரைக் கண்டுங் காணாதிருக்கிறோம். காற்றுப் புகாத குழியிலே உடல் மெல்ல மெல்ல அழுகும். அதன் நைதரசன் நைத்திரேற்றாக மாறி நீரோடு கலக்கும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றிலே நைத்திரேற்றின் அளவு, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையை ஏற்கெனவே தாண்டிவிட்டது. பசளையும் மலக்குழியும் செய்த கேடு போதாதா? செத்த மாட்டையும் அதனோடு சேர்க்க வேண்டுமா?

2022 டிசம்பரிலே, மாண்டஸ் புயலோடு வந்த கடுங்குளிரால் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் மாண்டன. அரசாங்கம் இறைச்சி கொண்டு செல்வதைத் தற்காலிகமாகத் தடுத்தது. வாயிழந்த பிராணியைப் பறிகொடுத்த ஏழைக்கு அன்று எஞ்சியது மண்வெட்டி ஒன்றே. அடுத்த குளிருக்கு முன்னரேனும் நாம் வழி கண்டோமா?

வழி இருக்கின்றது. அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் 1980களிலே செத்த கோழிகளைக் கொண்டு தொடங்கிய முறை, இன்று பெரிய மாடுகளுக்கும் கையாளப்படுகின்றது. கிணற்றுக்கு 200 அடிக்கு அப்பால், மேட்டு நிலத்திலே, நம் சுண்ணக்கற் பூமிக்குச் சீமெந்துத் தளமும் இட்டு, மரத்தூளையும் மரச்சீவலையும் 2 அடி உயரம் பரப்ப வேண்டும். அதன்மேல் உடலைக் கிடத்தி, இரைப்பையைக் குத்திக் காற்றை வெளியேற்றி, மீண்டும் 2 அடி மூட வேண்டும். தும்புத்தூளும் வைக்கோலும் கலந்து கொள்ளலாம். மாரியிலே கூரை வேண்டும். நாய் புகாத வேலியும் வேண்டும். குவியலின் உள்ளே வெப்பம் 55 பாகை செல்சியசைக் கடந்து, நோய்க் கிருமிகளிற் பெரும்பாலானவற்றை அழிக்கும். ஆறு மாதத்திற்குள் சதை கரைந்துவிடும். பெரிய எலும்புகளே எஞ்சும். அவ்வெருவைத் தென்னைக்கும் வாழைக்கும் இடலாம். பச்சையாக உண்ணும் கீரைக்கு இடலாகாது.

“நாறுமே” என்பர் சிலர். மூடி போதிய கனமாயிருந்தால் நாற்றம் எழாது. திறந்த வெளியிலே கிடக்கும் குடலன்றோ நாறுகின்றது! “நோய் பரவுமே” என்பது மட்டும் நியாயமான அச்சம். அடைப்பான் நோயால் இறந்ததெனச் சந்தேகம் எழுந்தால் உடலைத் தொடவோ கீறவோ கூடாது; கால்நடை வைத்தியருக்கே அறிவித்தல் வேண்டும்.

2021 மே மாதத்திலே இரசாயனப் பசளையை ஒரே நாளில் தடைசெய்து, “சேதனப் பசளை இடுங்கள்” என்று கமக்காரருக்கு உபதேசித்தது கொழும்பு. கிருமி கலந்ததென்று திருப்பி அனுப்பிய சீனக் கப்பலின் பசளைக்கு 67 இலட்சம் டொலரையும் 2022 ஜனவரியிலே கட்டியழுதது. அப்பணத்தில் எத்தனை ஊர்களுக்கு எருக்கொட்டில் அமைத்திருக்கலாம்!

கொழும்பை மட்டும் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது. இறைச்சிக்கடைக்கு உத்தரவுப் பத்திரம் வழங்குவன நம் உள்ளூராட்சி மன்றங்களே. பத்திரத்திற்குப் பணம் வாங்கும் மன்றம், கழிவுக்கு இடங்காட்டக் கடமைப்பட்டதன்றோ? எருக்கொட்டில் இல்லாத இடத்திலே பத்திரமும் இல்லை என்று விதிக்கட்டும்! சட்டத்தரணிகள் அவ்விதியை எழுதிக் கொடுக்கட்டும். வைத்தியர்கள் கிணற்று நீரைச் சோதிக்குமாறு வற்புறுத்தட்டும். கமக்காரர் வைக்கோலோடு வரட்டும்.

மாட்டை இழந்தவன் இன்னொரு மாடு வாங்கலாம். கிணற்றை இழந்த ஊர் எதை வாங்கும்?