கசப்புத் தண்ணீரோடு பயணம் முடியவில்லை



லயத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். நாற்பது வருஷம் பால்மரம் சீவிய பெரியவர் ஒருவர், "இனி என்னய்யா இருக்கு? எல்லாம் முடிஞ்சு போச்சு" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வீட்டு வேதக்கார அக்காதான் பைபிளை எடுத்து வந்து, "தம்பி, இதை வாசிங்க" என்று எண்ணாகமம் 33ஆம் அதிகாரத்தைக் காட்டினார்.

பார்த்தால் வெறும் ஊர்ப் பெயர்கள்! எகிப்தில் அடிமைகளாய்ச் செங்கல் அறுத்த இஸ்ரவேல் மக்கள், விடுதலையாகி யோர்தான் கரைக்கு வரும்வரை கூடாரம் போட்ட இடங்களின் பட்டியல். இதில் என்ன ஆறுதல்?

3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓரிகன் என்ற கிறிஸ்துவ ஞானி இதற்கு விளக்கம் சொல்லியிருக்கிறார். அவர் கணக்கில் அந்தத் தங்கல்கள் 42. அவை பாலைவனத்து இடங்கள் மட்டுமல்ல. மனித ஆன்மா ஒவ்வொன்றாய் ஏறிக் கடக்கும் படிகள் என்றார் அவர். மாரா என்றால் கசப்பு. அங்கே தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. ஆனால் அடுத்த தங்கல் ஏலிம். அங்கே 12 நீரூற்று, 70 பேரீச்ச மரம். கசப்பைத் தாண்டியவனுக்குத்தான் ஊற்று!

"இப்படி உள்ளுக்குள்ளேயே பார்த்துக்கிட்டிருந்தா துரைக்குத்தானே வசதி?" என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கதையைக் கவனியுங்கள். அந்த மக்கள் கால் நடந்துதான் வெளியே வந்தார்கள். வந்த பிறகும், எகிப்தில் தின்ற வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் நினைத்து அழுதார்கள். திரும்பிப் போய்விடலாம் என்றுகூடப் பேசினார்கள். பார்வோன் பின்னால் இல்லை. பயம் மட்டும் நெஞ்சில் கூடவே வந்தது.

நமக்குள்ளும் அந்த எகிப்து இருக்கிறது. "கிராணி கோவிச்சுக்குவாரு, நமக்கேன் வம்பு" என்று மனுவில் கையெழுத்துப் போடாமல் ஒதுங்குகிறோமே, அதுதான் எகிப்து! அதை விட்டு வெளியேறுவது சங்கம் மட்டும் செய்து தரக்கூடிய காரியமல்ல. அவரவர் நெஞ்சுக்குள் நடக்க வேண்டிய நடை அது.

அன்று இரவு மாற்று வீடு கேட்டு மனு எழுதினோம். பெரியவர் மூன்றாவது ஆளாய்க் கையெழுத்துப் போட்டார். வீடு கிடைக்குமா என்று இப்போது சொல்ல முடியாது. ஆனால் "முடிஞ்சு போச்சு" என்ற வார்த்தை அவர் வாயில் அதற்குப் பிறகு வரவில்லை.

கோயிலுக்குப் போகிறவர்களும் தேவாலயத்துக்குப் போகிறவர்களும் இதை மனத்தில் வையுங்கள்: மாராவில் ஒரு ராத்திரி தங்கலாம். அங்கேயே குடியிருந்துவிடக் கூடாது!