எழுபது சதவீதம் என்றால், எந்த நூறில்?

கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுக்கொள்ளும் ஆண்களில் குடிப்பழக்கம் உள்ளவர்களும் உண்டு. செங்கல்பட்டு மாவட்டத்தின் கருங்குழி, மதுராந்தகம் பக்கம் ஐயப்பனுக்குக் கறுப்பு வேட்டி என்றால், மேல்மருவத்தூருக்கு இருமுடியோடு சிவப்பு உடை. மாலை கழுத்தில் இருக்கும்வரை பலர் சொட்டுக்கூடத் தொடுவதில்லை. வீட்டில் சண்டை ஓய்கிறது, கூலிப் பணம் முழுதாக வந்து சேர்கிறது. மாலையைக் கழற்றிய பிறகு என்ன நடக்கிறது என்பது அந்தந்த வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். விரதத்தின் 48-ஆவது நாளில் போய்க் கேட்டால் ஏறக்குறைய எல்லோருமே குடியை விட்டவர்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் வேறு எண் வரும்.

விரதத்தைக் குறை சொல்ல இது எடுத்துக்காட்டு அல்ல. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை எத்தனை பேருக்கு உள்ளூர இருக்கிறது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று கிடையாது. ஆனால் எந்த நாளில் கேட்கிறோம், யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே விடை மாறுகிறது. போதை மீட்பு மையங்கள் சொல்லும் வெற்றிக் கணக்கிலும் இதே சிக்கல்தான்.

மதுராந்தகம் வட்டாரத்துக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. 2023 மே மாதத்தில் சித்தாமூர் பக்கத்துக் கிராமங்களிலும் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இரண்டு முறையும் கைது, பணியிடை நீக்கம், தலா 10 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று செய்திகள் வந்தன. இறந்தவர்களில் எத்தனை பேர் அதற்கு முன் ஒருமுறையாவது சிகிச்சைக்குப் போனவர்கள், போனவர்களுக்கு அது ஏன் பலிக்கவில்லை என்ற கேள்வி அதிகம் எழவில்லை.

போகாதவர்களே மிகுதியாக இருந்திருப்பார்கள் என்று ஊகிக்க இடமுண்டு. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சையோ உதவியோ கிடைத்திருந்தது. மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். இந்த நிலையில் 2025-இல் தமிழ்நாடு அரசு ‘கலங்கரை’ என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களைத் திறந்தது மனமார வரவேற்க வேண்டிய செயல். அடுத்து மக்கள் கேட்க வேண்டியது, அந்த மையங்கள் எதைக் கணக்கு காட்டப்போகின்றன என்பது. அரசு அறிக்கைகளில் வழக்கமாக வருவது எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள், எத்தனை முகாம் நடந்தது என்ற எண்களே. அவை மையம் இயங்கியதற்குச் சான்று. வந்தவர் குணமானதற்குச் சான்று அல்ல.

தனியார் மையங்களின் விளம்பரங்களோ நேர் எதிர். 70 சதவீதம் வெற்றி, 90 சதவீதம் வெற்றி என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். ஒரு மையத்தில் 100 பேர் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 30 பேர் பாதியிலேயே கிளம்பிவிடுகிறார்கள். சிகிச்சையை முடித்த 70 பேரில், ஆறு மாதம் கழித்து போனில் கிடைப்பவர் 40 பேர். அவர்களில் 28 பேர் குடிப்பதில்லை என்கிறார்கள். 40-இல் 28 என்றால் 70 சதவீதம். சேர்ந்த 100-இல் 28 என்றால் 28 சதவீதம். இரண்டுமே கூட்டல் கழித்தலில் சரியான எண்கள்தான். ஆனால் போனை எடுக்காத 30 பேர் எங்கே போனார்கள்? கட்டட வேலைக்கு வெளியூர் போயிருக்கலாம், நம்பர் மாற்றியிருக்கலாம். மறுபடியும் குடிக்கத் தொடங்கிய வெட்கத்தில் எடுக்காமலும் இருக்கலாம். தகவல் தெரியாதவரைத் தோல்விக் கணக்கில் சேர்ப்பதே நேர்மையான முறை. நகையை அடகு வைத்து 30,000, 40,000 கட்டி மகனைச் சேர்க்க வரும் தாய்க்கு, சேர்ந்தவர்களை வைத்துப் போட்ட சதவீதத்தைத்தான் சொல்ல வேண்டும்.

காலமும் முக்கியம். ஹெராயின், மது, புகையிலை மூன்றிலும் சிகிச்சைக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று அமெரிக்காவில் ஹன்ட் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் 1971-இல் தொகுத்துப் பார்த்தபோது, பழக்கத்தை விட்டே இருந்தவர்களின் விகிதத்தைக் காட்டும் கோடு மூன்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி சரிந்தது. மறுபடி பழக்கத்துக்குத் திரும்பியவர்களில் பெரும்பாலோர் முதல் மூன்று மாதத்துக்குள் திரும்பியிருந்தார்கள். டிஸ்சார்ஜ் நாளில் எடுத்த கணக்கு எதற்கும் உதவாது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான் இன்னும் கடினமான கேள்வி. இதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. கோவாவில் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், உடலுக்குக் கேடு தரும் அளவில் குடித்துவந்த 377 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு தரப்புக்கு மருத்துவரின் வழக்கமான கவனிப்பு. இன்னொரு தரப்புக்கு அதோடு, மருத்துவப் படிப்பு இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்களின் பேச்சு, சில அமர்வுகள். முடிவு 2017-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. மூன்று மாதம் கழித்து, ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து மீண்டிருந்தார்கள். ஆலோசனை பெறாதவர்களில் 26 சதவீதம்.

அந்த 26-ஐக் கவனிக்க வேண்டும். ஒப்பிட இரண்டாவது தரப்பு இல்லாமல் இதை நடத்தியிருந்தால், 36 சதவீதமும் எங்கள் ஆலோசனையின் பலன் என்று சொல்லிவிடலாம். உண்மையான பலன் பத்து. பத்து என்பது சின்ன எண் அல்ல. லட்சம் பேருக்குக் கொடுத்தால் பத்தாயிரம் குடும்பம். கடந்த இரண்டு வாரம் மதுவைத் தொடாதவர்களும் ஆலோசனை பெற்ற தரப்பில் 42 சதவீதம், மறுதரப்பில் 18 சதவீதம். அதே சமயம், வேலைக்குப் போகாத நாள்கள், மனைவி மீதான வன்முறை இவற்றில் இரு தரப்புக்கும் மூன்று மாதத்தில் வேறுபாடு தெரியவில்லை என்பதையும் அந்த ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதினார்கள். குடி குறைந்தது, அடி குறைந்ததாகத் தெரியவில்லை. இதைக் கேட்டு எழுதியதால்தான், குடும்ப வன்முறைக்குத் தனியாக ஏதாவது செய்தாக வேண்டும் என்பது தெரிகிறது. மாநிலத்தின் எல்லா மையங்களும் இந்த அளவுக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும்.

மும்பையில் நடந்த இன்னொரு ஆய்வு வேறொன்றைச் சொல்கிறது. 2004-இல் வெளியான அதில், மதுவுக்கு அடிமையான 100 ஆண்களுக்கு டைசல்பிராம் அல்லது நால்ட்ரெக்சோன் மாத்திரை ஓராண்டு கொடுக்கப்பட்டது. டைசல்பிராம் எடுத்தவர்களில் 14 சதவீதம் பேரே மறுபடி குடித்தார்கள். நால்ட்ரெக்சோன் தரப்பில் 56 சதவீதம். ஆனால் ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள், தினமும் மாத்திரை விழுங்குவதைப் பக்கத்திலிருந்து பார்க்கக் குடும்பத்தினர் உள்ளவர்கள். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவரும் பேருந்து நிலையத்தில் படுத்துறங்குபவரும் அந்த நூறில் இல்லை. (சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்து என்று விளம்பரம் செய்பவர்களை நம்பவே கூடாது. டைசல்பிராம் உடம்பில் இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் உயிருக்கே ஆபத்து.)

சென்னையில் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கினார். பிறகு அந்த நிறுவனம் காவிரிப் படுகையில் உள்ள மஞ்சக்குடியில், சிகிச்சையை ஊருக்கே கொண்டுபோய் முகாம் நடத்தியது. அந்த அனுபவத்தை அவர் 1994-இல் ‘அடிக்‌ஷன்’ என்ற பன்னாட்டு இதழில் எழுதினார். ஊரில் சிகிச்சை நடந்தால் பின்னால் போய்ப் பார்ப்பது எளிது. முகாமுக்கு வந்தவர் எப்படி இருக்கிறார் என்று டீக்கடைக்காரருக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக்கும் தெரியும்.

அந்த வசதி இன்று செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வேறொரு வடிவில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் பி.பி., சர்க்கரை மாத்திரையோடு வீடு வீடாகப் போகிறார்கள். கலங்கரையில் சிகிச்சை முடித்து ஊர் திரும்பியவரை, அவர் சம்மதித்தால், மூன்றாவது, ஆறாவது, பன்னிரண்டாவது மாதங்களில் இவர்களே பார்த்துக் கேட்கலாம். இங்கிலாந்தின் சிகிச்சை மையங்களில் கேட்பதுபோல, கடந்த 28 நாளில் எத்தனை நாள் குடித்தீர்கள், எத்தனை நாள் வேலைக்குப் போனீர்கள் என்று எண்ணாகவே கேட்க வேண்டும். மனைவியிடமோ தாயிடமோ தனியாகவும் கேட்க வேண்டும். கஞ்சாவுக்கும் வலி மாத்திரைக்கும் அடிமையான இளைஞர்களைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். வாசலில் நின்று உரக்கக் கேட்கக் கூடாது. பெயர் எந்தப் பட்டியலிலும் வெளியாகக் கூடாது, காவல் துறைக்கும் போகக் கூடாது. அந்த உறுதி இல்லாவிட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

செலவைக் காரணம் காட்ட முடியாது. அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் மூலம் ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் வருகிறது. அதன் ஒவ்வொரு ரூபாய்க்கும் அரசிடம் கணக்கு இருக்கும்போது, குடியிலிருந்து மீள வந்தவரின் ஓராண்டு நிலவரத்துக்கும் கணக்கு இருந்தாக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1990-களில் நல்ல பலன் காட்டும் சிகிச்சை மையங்களுக்கே நிதியில் சாதகம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். மையங்கள் நோய் முற்றியவர்களைச் சேர்ப்பதைக் குறைத்துக்கொண்டன என்று பிறகு ஆய்வில் தெரிந்தது. இங்கே அளக்கத் தொடங்கினால் முதல் ஆண்டு எண் குறைவாகத்தான் வரும், நூறில் இருபத்தைந்தோ முப்பதோ. அதை மறைக்காமல் மையவாரியாக, எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற எண்ணோடு சேர்த்து சுகாதாரத் துறை வெளியிட வேண்டும். அந்த எண்ணைக் காட்டி எந்த மையத்தின் நிதியையும் வெட்ட மாட்டோம் என்றும், தெருவில் கிடப்பவரைச் சேர்த்துக்கொண்ட மையத்தை வீட்டில் துணை உள்ளவர்களைச் சேர்த்த மையத்தோடு நேராக ஒப்பிட மாட்டோம் என்றும் முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும்.