0.7: யார் பிடித்த டேப்?

"டேய், இது பயாலஜிடா. லட்சக்கணக்கான வருஷமா ஆம்பள மூளைக்குள்ள எழுதி வச்சிருக்கு. வெயிஸ்ட்ட ஹிப்பால வகுத்தா 0.7 வரணும். தோலு பளிச்சுன்னு இருக்கணும். அவ்ளோதான் அழகு."

மாமாக் கடையில் தே தாரிக்கை உறிஞ்சிக்கொண்டே என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த நண்பன் சொன்னான். பேச்சு ஆரம்பித்தது என் அக்காவைப் பற்றி. பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டிலிருந்து, 'பொண்ணு குணம் தங்கம்தான், கலருதான் கொஞ்சம்...' என்று போன் வந்திருந்தது. அவன் ஆறுதல் சொல்ல வந்தவன். யார்மேலும் குற்றமில்லை, பரிணாமம் அப்படி. இதுதான் அவன் கொடுத்த ஆறுதல். (அவன் என்னைவிடக் கறுப்பு. ஆண் அழகுக்கான சூத்திரம் எதையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கவில்லை.)

வெட்கக்கேடு என்னவென்றால், நான் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய் அக்காவிடமும் சொன்னேன். துணி மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்: "அப்ப அம்மாவ அப்பா எந்த பயாலஜியில கட்டிக்கிட்டாருடா?" அம்மா அக்காவைவிடக் கறுப்பு.

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

நான் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்ப்பவன். ஓர் அளவுக்கருவி மேசைக்கு வந்தால், அது காட்டும் எண்ணை முதலில் பார்க்க மாட்டோம். மேலே ஒட்டியிருக்கும் கேலிபரேஷன் ஸ்டிக்கரைப் பார்ப்போம். எதை வைத்துச் சரிபார்த்தார்கள், எப்போது? 0.7இன் ஸ்டிக்கரில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? மிஸ் அமெரிக்கா. பிளேபாய்.

நக்கல் இல்லை. 1993இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் தேவேந்திர சிங் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, மிஸ் அமெரிக்கா பட்டம் வென்றவர்களின் உடல் அளவுகளையும் பிளேபாய் நடுப்பக்கப் பெண்களின் அளவுகளையும் எடுத்துக்கொண்டது. காலம் மாற மாற அவர்கள் ஒல்லியானாலும், இடைச் சுற்றளவை இடுப்புச் சுற்றளவால் வகுத்தால் கிடைக்கும் விகிதம் மட்டும் 0.7ஐ ஒட்டியே நிற்கிறது என்றார். பிறகு பென்சில் கோட்டில் வரைந்த 12 பெண் உருவங்களை ஆண்களிடம் காட்டி வரிசைப்படுத்தச் சொன்னார். முதலிடம் 0.7க்கு. அந்த விகிதம் ஆரோக்கியத்துக்கும் கருவளத்துக்கும் அடையாளம் என்பது விளக்கம். 2002இல் ஜெரமி ஃப்ரீஸும் ஷெரி மெலண்டும் அதே அழகிகளின் அளவுகளை மறுபடி ஆராய்ந்தார்கள். எண்கள் சொன்னதைவிட அகலமாகச் சிதறியிருந்தன, காலத்தோடு மாறியும் இருந்தன. இது நண்பன் படித்த புத்தகத்தில் வராது. 0.7 மட்டும் வரும்.

படங்களின் கதை இன்னும் சுவாரசியம். டக்ளஸ் யூவும் கிளென் ஷெப்பர்டும் அவற்றைப் பெரு நாட்டுக் காட்டில் வாழும் மாட்சிகெங்கா ஆண்களிடம் கொண்டுபோனார்கள். 1998இல் 'நேச்சர்' இதழில் வந்த முடிவு: அவர்கள் தேர்ந்தெடுத்தது பருத்த, இடை அகன்ற உருவங்களை. வெளியுலகத் தொடர்பு கூடிய ஊர்களுக்குப் போகப் போக பதில்கள் அமெரிக்கப் பதில்களை நெருங்கின. தான்சானியாவின் ஹட்சா ஆண்களிடம் கேட்டபோதும் உடல் பருமன்தான் பேசியது, விகிதம் பேசவில்லை. 2005இல் பக்கவாட்டில் வரைந்த படங்களைக் காட்டினார்கள். இந்த முறை ஹட்சா ஆண்கள் குறைந்த விகிதத்தை விரும்பினார்கள். எதிர்த்தரப்பு இதைத் தனக்குச் சாதகமாகக் காட்டும், காட்டட்டும். ஆனால் படத்தைத் திருப்பினால் ரீடிங் மாறுகிற கருவியை வைத்து தசமப் புள்ளி வரைக்கும் மூளையில் எழுதியிருக்கிறது என்று சொன்னால், என் சூப்பர்வைசர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

பரிணாமமே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. நோய் தெரியும் தோலிலிருந்து மனிதன் விலகுவதற்கு உயிரியல் காரணம் இருக்கலாம், இருக்கட்டும். மனித உடல் அழகுக்கு உலகப் பொது அளவுகோல் ஒன்று மனதில் இல்லை என்று 1871லேயே எழுதியவர் டார்வின்தான். தாத்தா சொன்னதைப் பேரன்கள் மறந்துவிட்டார்கள்.

மறந்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2011இல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் சதோஷி கனசாவா, கறுப்பினப் பெண்கள் மற்றவர்களைவிட அழகு குறைந்தவர்கள் என்று 'சைக்காலஜி டுடே' தளத்தில் எழுதினார். ஆதாரம்? அமெரிக்காவில் ஒரு கணக்கெடுப்பில் நேர்காணல் எடுத்தவர்கள் எதிரில் இருந்தவருக்குப் போட்ட அழகு மதிப்பெண். அந்தக் கண்ணை யார் கேலிபரேட் செய்தது என்று அவர் கேட்கவே இல்லை. கட்டுரையை நீக்கினார்கள், அவரும் வருத்தம் தெரிவித்தார்.

நம் வீட்டுக் கண்ணை யார் கேலிபரேட் செய்தது? பங்களாவில் வெள்ளைக்கார துரை. செம்பனைக்கடியில் உதிரிப்பழம் பொறுக்கிய பாட்டி. வெயிலில் நின்றவர் யார், நிழலில் இருந்தவர் யார் என்பது தோலிலேயே தெரிந்த காலம் அது. பிறகு டீவி, பிறகு கிரீம். பாதரசம் கலந்த முகப்பூச்சுகளின் பெயர்களை நம் சுகாதார அமைச்சு அவ்வப்போது வெளியிட்டுத் தடைசெய்துகொண்டே இருக்கிறது. லட்சம் வருடத்துப் பரிணாமத்துக்குப் பாதரசம் எதற்கு?

இலக்கியம் படிக்கிற நாமும் தப்பவில்லை. 'கறுப்பா இருந்தாலும் களையா இருப்பா.' இந்த வாக்கியம் இல்லாத சிறுகதைத் தொகுப்பு ஒன்றை என் அலமாரியில் தேடினேன், சிரமப்பட்டேன். அந்த 'இருந்தாலும்' எந்த மரபணுவில் இருக்கிறது? நம் வாயில் இருக்கிறது.

போன மாதம் இன்னொரு வீட்டில் படம் கேட்டார்கள். அம்மா என் போனை வாங்கி, முகத்தை வெளுப்பாக்கும் ஃபில்டர் போட்டுத் தரச் சொன்னார். போட்டும் கொடுத்தேன், மேலே எழுதியதையெல்லாம் படித்துவிட்டுத்தான். அக்கா அதை அழித்துவிட்டு, பத்துமலைப் படிக்கட்டில் நட்டநடு மத்தியான வெயிலில் எடுத்த படத்தை அனுப்பினாள்.

பதில் இன்னும் வரவில்லை.