வாயை மூடிக்கொண்டு இரு என்று சொன்னவள் நான்தான்



இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் இப்போதே லைக் போட்டுவிட்டுப் போகலாம், டீச்சர் கோபிக்க மாட்டேன். ஆனால் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் கடைசி வரி வரை படிக்க வேண்டும். இதை வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் நடந்த வாக்குவாதம் எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவில் படிக்கும் நம் பெண் ஒருத்தி, தான் பகுதி நேரமாக வேலை பார்க்கும் இடத்தில் கூட வேலை செய்கிறவருக்கு மணிக்கணக்கைக் குறைத்து எழுதிச் சம்பளம் போடுவதைப் பார்த்திருக்கிறாள். கேட்கலாமா என்று குழுவில் கேட்டாள். பதில்கள் மளமளவென்று வந்தன. "வந்த இடத்தில் நமக்கு எதற்கு வம்பு?" "பிழைக்கப் போனவள் பிழைக்கிற வழியைப் பார்." அதில் ஒருவன், நான் ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவன், இப்படிப் போட்டான்: "நான் ஃபாரின் கிளம்பும்போது நம்ம டீச்சரே சொன்னது. வாயை மூடிக்கொண்டு இரு, ஊர் உன்னை மதிக்கும்." பதினெட்டு பேர் கைதட்டும் பொம்மை போட்டிருந்தீர்கள்.

ஆமாம், சொன்னேன். அவன் காலில் விழுந்து எழுந்தபோது திருநீறு பூசிவிட்டு அதைத்தான் சொன்னேன். இன்று எல்லோர் முன்னாலும் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். காரணம் சொல்லாமல் விடையைத் திருத்தினால் நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் காரணத்தையும் சொல்கிறேன்.

இரண்டு வருடம் முன் மகள் வீட்டில், டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில், சில மாதம் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் கம்ஃபர்ட் என்ற சின்ன ஊருக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஒரு சுண்ணாம்புக் கல் தூண் நிற்கிறது. 1866-இல் வைத்தது. அதில் பெயர்கள், எல்லாம் ஜெர்மன் பெயர்கள். மேலே ஜெர்மன் மொழியில் இரண்டு மூன்று சொற்கள். 'ஒன்றியத்துக்கு விசுவாசம்' என்று பொருள் என மருமகன் சொன்னார். பிழைக்க வந்த ஜெர்மன்காரர்களுக்கு இங்கே எதற்கு நினைவுத்தூண் என்று கேட்டேன். அதற்கு விடை தேடிப் படிக்கப் போனபோதுதான், அந்தத் தூணில் இல்லாத ஒரு பெயர் என்னைப் பிடித்துக்கொண்டது. ஜேக்கப் கூஹ்லர். தொழில் நில அளவை. நம் பேச்சில் சர்வேயர்.

1823-இல் ஜெர்மனியின் ஹெஸ்ஸே பகுதியில் பிறந்தவர். காட்டியல் படித்தவர். 1847-இல் படித்த இளைஞர்கள் நாற்பது பேர் சேர்ந்து டெக்சாஸின் லானோ ஆற்றங்கரையில் பெட்டினா என்று ஒரு குடியிருப்பு போட்டார்கள். எல்லாம் எல்லோருக்கும் பொது, யாருக்கும் யாரும் முதலாளி இல்லை என்பது கொள்கை. ஒரு வருடம் கூடத் தாங்கவில்லை. கொள்கை பேச எல்லோரும் இருந்தார்கள், வேலை செய்யத்தான் ஆள் இல்லை. (சிரிக்காதீர்கள், நம் ஆண்டு விழாக் கமிட்டி ஞாபகம் வருகிறது.) அந்த நாற்பது பேரில் ஒருவர் கூஹ்லர். பிறகு அவர் கில்லெஸ்பி மாவட்டத்தில் குடியேறி, சங்கிலியும் திசைகாட்டியும் எடுத்து நிலம் அளக்கப் போனார்.

அந்தக் காலத்து எல்லைப்புறம் என்றால் சினிமாவில் வருகிற குதிரையும் துப்பாக்கியும்தான் நமக்குத் தெரியும். நிலம் யாருக்கு என்பதைக் கடைசியில் தீர்த்தது துப்பாக்கி மட்டும் இல்லை, சர்வேயரின் குறிப்பேடும்தான். இரண்டு பேர் சங்கிலி பிடிப்பார்கள். ஒருவர் கோடாரியோடு முன்னால் போய்ப் புதரை வெட்டுவார். நம் ஊர்ச் சங்கிலிக்கு 66 அடி, 100 கண்ணி என்று போர்டில் எழுதிப் போட்டேனே, டெக்சாஸில் அது இல்லை. ஸ்பானியர் விட்டுப்போன 'வாரா' என்ற அளவு, 33 அங்குலமும் மூன்றில் ஒரு பங்கும். மூலைக்கு மூலை கல் கிடைக்காத இடத்தில் பக்கத்து மரத்தில் வெட்டி அடையாளம் வைத்து, அது எந்தத் திசையில் எத்தனை வாரா தூரம் என்று எழுதுவார்கள். அதற்குச் சாட்சி மரம் என்று பெயர். கூலியும் பல இடத்தில் பணமாக வராது. அளந்துகொடுத்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வது வழக்கமாக இருந்தது. அதாவது வாயை மூடிக்கொண்டு அளந்துகொண்டே இருந்தால் பெரிய பண்ணையார் ஆகிவிடலாம்.

1850-களில் அந்தப் பக்கம் கடும் வறட்சி. இது புதிதா, எப்போதும் இப்படித்தானா என்று வந்து குடியேறினவர்களுக்குத் தெரியவில்லை. மழைக் கணக்கு எழுதி வைத்தவர் யாரும் இல்லை. கூஹ்லர் என்ன செய்தார் தெரியுமா? நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஓக் மரங்களை எடுத்து, குறுக்கு வெட்டில் வளையங்களை எண்ணினார். அகல வளையம் நல்ல மழை வருடம், ஒடுங்கிய வளையம் வறண்ட வருடம். 1859-இல் அதை ஒரு ஜெர்மன் பத்திரிகையில் எழுதினார். மரவளைய ஆய்வைத் தனி அறிவியலாக வளர்த்த டக்ளஸ் என்ற வானியலாளர் அந்த வேலையைத் தொடங்கியதற்கு நாற்பது வருடத்துக்கு மேல் முந்தியது இது. அறிவியல் பாடத்தில் இத்தனை வருடம் மரவளையம் நடத்தினேன், இந்தப் பெயர் எனக்குத் தெரியாது.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன்.

டெக்சாஸ் அடிமை முறை இருந்த மாநிலம். 1854-இலேயே சான் அன்டோனியோவில் கூடிய ஜெர்மன்காரர்கள் சிலர், அடிமை முறை தீமை என்று தீர்மானம் போட்டார்கள். ஊர் கொதித்தது. உடனே மற்ற ஜெர்மன்காரர்களே என்ன சொன்னார்கள் என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் போன வாரம் குழுவில் சொன்னதையேதான். நாம் வந்தேறிகள், நமக்கு ஏன் வம்பு, இவர்களால் நம் எல்லோருக்கும் கெட்ட பெயர். நியூ பிரான்ஃபெல்ஸ் ஊர் ஜெர்மன் பத்திரிகையை நடத்திய லிண்ட்ஹைமர் பெரிய தாவரவியலாளர், படித்தவர். 1861-இல் மாநிலம் ஒன்றியத்தை விட்டுப் பிரியும்போது, மாநிலத்தோடு சேர்ந்தே போவோம் என்றுதான் அவரும் எழுதினார். அந்த மாவட்டம் பிரிவினைக்கே வாக்களித்தது. கூஹ்லரின் கில்லெஸ்பி மாவட்டமோ, பிரிவினை வேண்டாம் என்று 398 வாக்கு, வேண்டும் என்று 16.

மாநிலப் படைக்கு ஆள் பதியும் பொறுப்பு கூஹ்லரிடம் இருந்தது. ஒன்றியத்தை ஆதரிக்கும் ஜெர்மன்காரர்களையே பதிந்தார் என்று ஆளுநர் லபக் அவரை நீக்கினார். 1862-இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தது, ராணுவச் சட்டமும் வந்தது. அந்த ஆகஸ்டில் அறுபது பேருக்கு மேல், பெரும்பாலும் ஜெர்மன்காரர்கள், மெக்சிகோவுக்குத் தப்பக் கிளம்பினார்கள். கூஹ்லரும் அதில் இருந்தார். எல்லையை எட்டும் முன்பே, ஆகஸ்ட் 10 விடியற்காலையில், நியூசஸ் ஆற்றங்கரை முகாமில் தென் மாநிலக் கூட்டமைப்பின் படை அவர்களைச் சுற்றி வளைத்தது. சண்டையில் 19 பேர் செத்தார்கள். காயம்பட்டுப் பிடிபட்ட ஒன்பது பேரை அதற்குப் பிறகு கொன்றார்கள். சடலங்களைப் புதைக்கவும் இல்லை. போர் முடிந்த பிறகு, 1865-இல், சொந்தக்காரர்கள் போய் எலும்புகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து கம்ஃபர்ட்டில் புதைத்தார்கள். நான் பார்த்த தூண் அதன் மேல்தான் நிற்கிறது.

அந்த அறுபது பேரும் அடிமைகளின் விடுதலைக்காகவே கிளம்பினார்கள் என்று கதை விட மாட்டேன். சிலருக்கு அந்த எண்ணம். சிலருக்கு, குடியுரிமை வாங்கும்போது சத்தியம் செய்த நாட்டுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்க மனம் இல்லை, அவ்வளவுதான்.

"பார்த்தீர்களா டீச்சர், பேசினதால் செத்தார்கள்" என்பீர்கள். தெரியும். இன்னும் ஒன்றை நானே எடுத்துத் தருகிறேன், உங்களுக்கு வசதியாக இருக்கும். அதே பெட்டினா குடியிருப்பில் இருந்த இன்னொருவர் குஸ்டாவ் ஷ்லைக்கர். அவரும் 1823-இல் பிறந்தவர், அவரும் சர்வேயர். அவர் கூட்டமைப்புப் படையில் பொறியியல் அதிகாரியாகச் சேர்ந்தார். பிறகு அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். டெக்சாஸில் ஒரு மாவட்டத்துக்கே அவர் பெயர். கூஹ்லர் பெயரில் மாவட்டம் இல்லை. காற்றோடு போனவருக்கு வாழ்வு என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க முடியாது.

ஆனால் கணக்கை முழுதாகப் போடுங்கள். உயிர் தப்பிய கூஹ்லர் மெக்சிகோவில் நிலம் அளந்து பிழைத்தார். 1867-இல் திரும்பினார். மாநிலத்துக்குப் புதிய அரசியல் சட்டம் எழுதிய மாநாட்டில் உறுப்பினர். 1870 முதல் 1874 வரை டெக்சாஸ் முழுவதற்கும் நில ஆணையர். அதற்கப்புறம் மறுபடி காட்டுக்குப் போய், மேற்கு டெக்சாஸின் வறண்ட நிலத்தை ரயில் கம்பெனிக்காக அளந்தார். அப்படி அளந்த துண்டுகளில் ஒன்று விட்டு ஒன்று ரயில் கம்பெனிக்கு, மற்றது பொதுப் பள்ளிகளின் நிதிக்கு. அதைப் படித்தபோது வாத்தியார் சாதிக்காரி என்ற முறையில் எனக்குக் கண் கலங்கியது. 1893-இல் ஆஸ்டினில் இறந்தார்.

அவரைச் சாமி ஆக்கவும் மாட்டேன். அவர் சங்கிலி ஓடியது கோமாஞ்சி மக்கள் வாழ்ந்த நிலத்தில். 1847-இல் ஜெர்மன்காரர்கள் கோமாஞ்சிகளோடு ஒப்பந்தம் போட்டு, அங்கே நிலம் அளக்க அனுமதி வாங்கினார்கள். அந்த மக்கள் நம்பி விட்டார்கள். வேலி வந்தது, ஊர் வந்தது. 1875-இல் கடைசிக் கோமாஞ்சிக் கூட்டம் சரணடைந்து ஒதுக்கிடத்துக்குள் அடைபட்டது. ஒரு அநியாயத்துக்கு வாய் திறந்தவர், தன் சங்கிலிக்கு அடியிலேயே கிடந்த இன்னொன்றை அளந்து தாண்டிப் போனார். அதற்கு நான் வக்கீல் வேலை பார்க்கப் போவதில்லை. ஆனால் இதுவும் என் கட்சிக்குத்தான் பலம். அவர் பேசிய இடம் தூணாக நிற்கிறது. பேசாத இடம் இன்னும் உறுத்துகிறது.

நான் ஏன் அவனிடம் அப்படிச் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், வராத பிள்ளைகள் வந்ததாக வருகைப் பதிவேட்டில் எழுதச் சொன்னார்கள். மூன்று வருடம் எழுதினேன். அந்தப் பெயர்களில் ஒரு பையன் அப்போது செங்கல் சூளையில் இருந்தான். ஆஜர் என்று என் கையெழுத்தில் இருந்ததால் அவனைத் தேடி யாரும் போகவில்லை. வாயை மூடிக்கொண்டு இரு என்பது அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டது. பிறகு அதையே அனுபவம் என்று பெயர் மாற்றி உங்களுக்கு ஓதிவிட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு: கண்ணு, கத்திக்கொண்டு போய் நிற்கச் சொல்லவில்லை. உன் விசா, உன் படிப்பு எல்லாம் இருக்கிறது, ஆபத்தே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். முதலில் சர்வேயர் மாதிரி எழுது. எந்தத் தேதி, எத்தனை மணி வேலை, எத்தனை மணி கூலி. அடுத்து, பாதிக்கப்பட்டவரையே கேள், அவருக்கு என்ன வேண்டும் என்று. அப்புறம் உன் கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களுக்கு என்று இருக்கும் அலுவலகத்தில் போய்க் கேள். டீச்சர் துணை இருக்கிறேன், ராத்திரி எத்தனை மணிக்கும் கூப்பிடு.

கைதட்டிய பதினெட்டு பேருக்கு: பொம்மையை எடுத்துவிடுங்கள். என்னைத் திட்ட வேண்டும் என்றால் கமெண்டில் திட்டுங்கள், எழுத்துப் பிழை இல்லாமல்.

என் வாய்ப்பாட்டுக்காரனுக்கு: உன் மேல் தப்பில்லை ராசா. தப்பாகச் சொல்லிக் கொடுத்தது நான். இன்று ராத்திரி போன் பண்ணு.