ஸ்பார்ட்டகஸின் வெற்றி எங்கே?

1960ல் ஹாலிவுட் 'ஸ்பார்ட்டகஸ்' படத்தை வெளியிட்டது. ரோமாபுரி அடிமைகளின் கலகமே கதை. யுத்தக் காட்சிக்கு பிராங்கோவின் ஸ்பெயின் ராணுவத்திலிருந்து ஆயிரக்கணக்கான சிப்பாய்களை வரவழைத்தார்கள். பார்த்தவர்கள் பிரமித்தார்கள்.

சரித்திரம் சொல்வதென்ன? கி.மு. 73ல் காப்புவா நகரில், வாட்சண்டைக்குப் பழக்கப்பட்ட சுமார் 70 அடிமைகள் சமையற்கட்டுக் கத்திகளோடு தப்பினார்கள். மறு வருஷமே ரோமின் இரண்டு கான்சல்களின் படைகளையும் முறியடித்தார்கள்! படத்தில் இந்த வெற்றிகள் பெரும்பாலும் பேச்சிலேயே முடிகின்றன. தோற்ற யுத்தம்தான் விஸ்தாரமாக ஓடுகிறது.

ஸ்பார்ட்டகஸ் போர்க்களத்திலேயே மாண்டான், உடல்கூடக் கிடைக்கவில்லை என்பது பழைய ஆசிரியர்கள் கூற்று. படமோ அவனைச் சிலுவையில் ஏற்றுகிறது. கண்ணீருக்கு வசூல் உண்டல்லவா? உண்மையில் சிலுவையில் மாண்ட 6,000 கைதிகளின் பெயர் எவருக்கும் தெரியாது.

திரைக்கதை எழுதிய டிரம்போ, 1950ல் சிறை சென்றவர். கறுப்புப் பட்டியலில் வைக்கப்பட்டவர். பேனா நம்மவர் பக்கம் இருந்தது; கத்தரிக்கோல் முதலாளி கையில் இருந்தது!

படம் பார்க்காதீர்கள் என்று நாம் சொல்லவில்லை, தோழர்களே. பாருங்கள். ஆனால், எதிர்த்து நின்றவன் தோற்றே தீருவான் என்ற பாடத்தோடு வீடு திரும்பாதீர்கள். அவன் ஜெயித்த கதையைக் கேட்டு வாங்குங்கள்!