காவல் நாய்க்கும் கவனிப்பு வேண்டும்

கோமாரி நோய்த் தடுப்பூசி போடுகிறார்கள் என்று தெரிந்ததும் விவசாயி மாட்டைப் பிடித்துக்கொண்டு முகாமுக்குப் போகிறார். ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போட ஆட்டை ஓட்டிப் போகிறார். கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் வராமலிருக்கச் சொட்டு மருந்து வாங்கி வருகிறார். இவை அத்தனைக்கும் இரவெல்லாம் காவல் இருக்கும் நாய், பின்னாலேயே முகாம் வரைக்கும் வந்து, ஊசி போடாமலே திரும்பி வருகிறது. நம் கிராமங்களில் பரவலாகக் காணப்படும் காட்சி இது.

நாய்க்கு என்ன செலவு, மீந்த சோறு போதும், நோய் வந்தால் அதுவே புல்லைத் தின்று சரியாகிவிடும் என்ற எண்ணம் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. இந்த எண்ணம் தவறானது. விவசாயியின் குடும்பத்துக்கும் கால்நடைக்கும் அது ஆபத்தானதும்கூட. பண்ணை நாயின் உடல்நலம் பண்ணையின் உடல்நலத்தோடு சேர்ந்தது.

பம்புசெட் கொட்டகையில் மோட்டாரைக் காப்பது, களத்து நெல்லைக் காப்பது, ஆட்டுக் கிடையை நரியிடமிருந்து காப்பது, நிலக்கடலைக் காட்டில் பன்றியை விரட்டுவது ஆகிய எல்லாம் நாயின் வேலை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை போன்ற நம் நாட்டு இனங்கள் இப்படிப்பட்ட வேலைகளுக்கென்றே வளர்க்கப்பட்டு வந்தவை. ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. தபால்தலையில் இடம்பெற்ற நாயாக இருந்தாலும் தடுப்பூசி இல்லாவிட்டால் வெறிநோய் அதை விட்டு வைக்காது.

வெறிநோய்

முதலில் கவனிக்க வேண்டியது இதுதான். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் நாயானாலும், மாடானாலும், மனிதரானாலும் பிழைப்பது அநேகமாக இல்லை. மனிதருக்கு வரும் வெறிநோயில் 100-க்கு 99 நாயிடமிருந்தே வருகிறது. கடிபடுகிறவர்களில் குழந்தைகள் அதிகம். ஆனால் இந்நோயை முழுவதும் தடுத்துவிட முடியும். குட்டிக்கு 3 மாதம் ஆனதும் ஓர் ஊசி, மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. வேண்டியது இவ்வளவுதான். ஜூலை 6-ஆம் தேதியையும், செப்டம்பர் 28-ஆம் தேதி வரும் உலக வெறிநோய் தினத்தையும் ஒட்டிப் பல ஊர்களில் இலவச முகாம்கள் நடத்தப்படுகின்றன. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் விசாரித்து வைத்துக்கொள்வது நலம்.

வெறி பிடித்த நாய் எப்போதும் ஓடி ஓடிக் கடிக்கும் என்று நினைக்கக் கூடாது. சில நாய்கள் தாடை தொங்கி, எச்சில் வடிய, இருட்டில் ஒதுங்கிப் படுத்துவிடும். தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டது என்று கருதி வாய்க்குள் கையை விட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. மாட்டிலும் இப்படியே. தீனி தின்னாமல், எச்சில் ஒழுக, அடித்தொண்டையில் கத்தும் மாட்டின் வாயில் கைவிடுவது உயிரைப் பணயம் வைப்பதாகும். ஐயமிருந்தால் கட்டிவைத்து மருத்துவரை அழைக்க வேண்டும்.

நாய் கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்கக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. அந்தப் பழைய மருந்து நம் நாட்டில் 2004-ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது. இப்போது கையில் போடும் சில ஊசிகளே போதும். ஆழமான காயத்துக்குக் காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் செலுத்துவார்கள். சொன்ன நாட்களில் தவறாமல் போய் முடித்துக்கொள்ள வேண்டும். கடிபட்ட மாட்டுக்கும் ஆட்டுக்கும் உடனே தடுப்பூசி தொடங்கலாம்.

குட்டிப் பருவம்

நல்ல இனக் குட்டியை விலை கொடுத்து வாங்கி வந்து, பத்து நாளில் இரத்தக் கழிச்சலில் பறிகொடுப்பவர்கள் பலர். இது பார்வோ என்னும் நச்சுயிரியின் வேலை. 1978 வாக்கில் உலகெங்கும் தலைகாட்டிய இந்நோய்க் கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். ஒரு குட்டி இறந்த இடத்தில் மறு குட்டியைத் தடுப்பூசி இல்லாமல் கட்டினால் அதுவும் போகும். பிளீச்சிங் பவுடர் கரைசலால் தரையைக் கழுவுவது பயன் தரும். பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும் வரை 3, 4 வாரத்துக்கு ஒரு முறை போட வேண்டும். வாந்தியும் கழிச்சலும் கண்டால் உப்புச் சர்க்கரை நீரோடு நிறுத்திக்கொள்ளாமல் அன்றே மருந்தகம் கொண்டுபோக வேண்டும்.

வெறும் சோறும் குழம்பும் வளரும் குட்டிக்குப் போதாது. முன்கால் வளைந்து நிற்கும் குட்டிகள் பலவற்றுக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைவே காரணம். ராகிக் கூழ், பால், வேகவைத்த முட்டை, கருவாட்டுத் தலைக்குப் பதிலாக உப்பில்லாத வேகவைத்த மீன் ஆகியவற்றை வசதிக்கேற்பச் சேர்க்கலாம்.

உண்ணியும் சொறியும்

நாய் உண்ணி நாயின் மேல் இருப்பதைவிடச் சுவர் இடுக்கிலும், கட்டில் சந்திலும், கூரை ஓலையிலும் இருப்பதே அதிகம். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டுவிட்டு மடியும். ஆகையால் நாயின் மேல் மட்டும் மருந்தடிப்பது, களையின் தலையைக் கிள்ளி வேரை விடுவது போல. சுவர் வெடிப்புகளைப் பூசி, நாய் படுக்கும் இடத்தைக் கூட்டிச் சுத்தம் செய்து, சாக்கை எரித்து, இரண்டு இடத்திலும் ஒரே சமயத்தில் மருந்திட வேண்டும்.

உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய் தீனியை வெறுக்கும். ஈறு வெளுத்துப்போகும். மூக்கில் இரத்தம் வரலாம், சிறுநீர் காப்பி நிறமாகலாம். முதல் இரண்டொரு நாளில் பிடித்துவிட்டால் ஊசியில் தேறிவிடும்.

சொறிக்குப் பழைய என்ஜின் ஆயிலைப் பூசும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். நாய் அதை நக்கி உள்ளே விழுங்குகிறது. தோல் வெந்து போகிறது. பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கலக்கிக் குளிப்பாட்டுவது அதைவிடக் கேடு. மாட்டுக்கு வாங்கிய ஊசி மருந்தைக் கண்மதிப்பில் நாய்க்குப் போடுவதும் கூடாது. சிலவகைச் சொறி வீட்டுப் பிள்ளைகளுக்கும் தொற்றும் என்பதால் காலந்தாழ்த்தலாகாது.

வயிற்றுப் புழுவும் ஆட்டு நோயும்

கிடை ஆடு ஒன்று தலையைச் சாய்த்து ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வருவதைக் கண்ட ஆட்டுக்காரர்கள் இருப்பார்கள். செய்வினை என்பார்கள் சிலர். மூளையில் வளர்ந்த நீர்க்கட்டியே காரணம். அந்தக் கட்டி நாயின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் இளம் பருவம். நாயின் மலத்தோடு முட்டை புல்லில் விழுகிறது. புல்லோடு ஆட்டின் வயிற்றுக்குப் போகிறது. அந்த ஆடு செத்ததும் தலையை நாய்க்குப் போடுகிறோம். மீண்டும் நாயின் குடலில் புழு வளர்கிறது. நோயைச் சுற்றில் விடுவது நாமேதான்.

மற்றொரு நாடாப்புழுவின் முட்டை மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டியாக வளர்வதும் உண்டு. செத்த ஆட்டின் தலையையும், கட்டி கண்ட ஈரல், நுரையீரலையும் நாய்க்குப் போடாமல் ஆழப் புதைக்க வேண்டும். 3 மாதத்துக்கு ஒரு முறை குடற்புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும். வாங்கும்போது நாடாப்புழுவுக்கும் சேர்த்துக் கேளேனென்று விட்டுவிடாமல் கேட்டு வாங்க வேண்டும். குட்டிக்கு இரண்டாவது வாரத்திலிருந்தே மருந்து தேவைப்படும்.

விஷம்

வரப்பில் வைத்த எலி மருந்தையோ, அதைத் தின்று செத்த எலியையோ தின்று மடியும் நாய்கள் ஏராளம். செத்த எலிகளைப் பொறுக்கிப் புதைத்துவிடுவதும், மருந்து வைத்த இரவில் நாயைக் கட்டி வைப்பதும் எளிய வேலை. தின்றுவிட்டது தெரிந்தால் நாட்டு மருத்துவம் பார்த்து நேரத்தைப் போக்காமல், மருந்தின் உறையையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் மாற்று உண்டா இல்லையா என்பது தெரியும்.

இனத்தின் குறை

ஒவ்வோர் இனத்துக்கும் அதற்கேயுரிய குறை உண்டு. ஜெர்மனியின் பண்ணைகளில் எலி பிடிக்க உதவிய ஷ்னாஸர் நாயின் சிறிய வகை இன்று நகரங்களில் செல்லமாக வளர்கிறது. அதற்கு இரத்தத்தில் கொழுப்பு மிகுவதும், கணைய அழற்சியும், சிறுநீர்ப்பையில் கல்லும் அடிக்கடி வருகின்றன. நம் ராஜபாளையம் இனத்தில் வெண்ணிறத்தோடு சேர்ந்து சில குட்டிகளுக்குப் பிறவிச் செவிடு காணப்படுகிறது. வாங்கும் முன் குட்டியைத் தனியே பிரித்து, அது பாராதபடி பின்னாலிருந்து தட்டைத் தட்டிப் பார்க்க வேண்டும். செவிட்டு நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. ஒரே தாய் வயிற்றுக் குட்டிகளையே மீண்டும் மீண்டும் சேர்த்து வளர்ப்பது குறைகளைப் பெருக்கும்.

யார் பொறுப்பு?

சொந்த நாய்க்கு ஊசி போட்டு என்ன பயன், தெரு நாய்கள் அத்தனை இருக்கின்றனவே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் ஊரிலுள்ள 100 நாய்களில் 70-க்குத் தடுப்பூசி போட்டுவிட்டாலே வெறிநோய் பரவுவது அறுபட்டுவிடும் என்பது பல நாடுகளின் அனுபவம். கிராமத்தில் பெரும்பாலான நாய்க்கு ஏதோ ஒரு வாசல் உண்டு. ஒவ்வொரு வாசலும் தன் நாயைப் பார்த்துக்கொண்டால் மீதியைப் பஞ்சாயத்து பார்த்துக்கொள்ள முடியும். தவிரவும், வேண்டாத பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டிப் பக்கத்து ஊர்ச் சாலையில் விட்டு வருபவர் யார்? தெரு நாய் வானத்திலிருந்து விழுவதில்லை. குட்டி வேண்டாதவர்கள் கருத்தடை அறுவை செய்துகொள்வதே முறை.

அதிகாரிகளும் ஒன்றைச் செய்யலாம். மாட்டுக்கு முகாம் போடும் அன்றைக்கே நாய்க்கும் ஊசி கொண்டுவரலாம். விவசாயி வேலையைக் கெடுத்துக்கொண்டு இருமுறை வரமாட்டார், மாட்டோடு நாயும் எப்படியும் வந்துதான் நிற்கிறது. பஞ்சாயத்துகள் கிராம சபையில் தீர்மானம் போட்டு இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

ஒரு நாய்க்கு ஓராண்டில் ஆகும் தடுப்பூசி, புழு மருந்துச் செலவு, காணாமல்போன ஒரு வெள்ளாட்டின் விலைக்கு வராது. கடிபட்ட பிள்ளையின் உயிருக்கோ விலையே இல்லை. அடுத்த முகாமுக்கு மாட்டை ஓட்டிப் போகும்போது, பின்னால் வரும் நாயின் கழுத்திலும் ஒரு கயிறு போட்டுக்கொள்ளுங்கள்.